பீடிங்கைக் கழற்றிப் பார்த்தீர்களா?

புத்தளம் பக்கம் பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் என்று யாராவது கூட்டிக்கொண்டு போனால் நான் பொனட்டைத் திறக்கச் சொல்வதில்லை. எஞ்சினை இறக்கிச் செய்யலாம், கியர்பெட்டியை மாற்றலாம், சீட்டுக்குப் புதுத் துணி போடலாம். நான் நேரே போய்க் குந்துவது கதவுக்குப் பக்கத்தில். முன் மட்காட்டில் தொடங்கி இரண்டு கதவையும் தாண்டிப் பின் மட்காட் வரைக்கும் ஒரு மினுங்கும் கோடு ஓடுகிறதே, நம்ம கராஜ்காரர்கள் பீடிங் என்பார்களே, அதன் கீழ் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போவேன். விற்கிறவர் விஷயம் தெரிந்தவர் என்றால் அவர் முகம் அப்போதே மாறும்.

இந்தப் பதிவு முழுக்க அந்தக் கோட்டைப் பற்றியதுதான். ஒரு தகரக் கீற்றுக்கு இவ்வளவு கதையா என்று கேட்காதீர்கள். அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரத்தில் தொடங்கிப் பாலாவிச் சந்திவரைக்கும் வரும் கதை இது. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கார் சுவரான கதை

1930கள் வரைக்கும் காரின் பக்கவாட்டில் தனியாகக் கோடு போட வேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. மட்காட் தனியாகப் புடைத்து நிற்கும். ஏறி இறங்கப் படிப்பலகை இருக்கும். பொனட்டின் பக்கத்தில் சூடு வெளியேற வெட்டிய துவாரங்கள் வரிசையாக இருக்கும். பார்க்கிற கண்ணுக்கு அங்கே நிறைய வேலை இருந்தது.

ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 1927ல் ஹார்லி ஏர்ல் என்பவரைக் கொண்டுவந்து, காரின் தோற்றத்துக்கென்றே ஒரு பிரிவைத் திறந்தது. அதற்கு முன் கலிஃபோர்னியாவில் சினிமா நடிகர்களுக்கு விசேஷமாகக் கார் உடல் கட்டிக்கொடுத்தவர் அவர். காரை இன்னும் நீளமாக, இன்னும் தாழ்வாகக் காட்டவேண்டும் என்பது அவருடைய ஒரே மந்திரம். 1958 முடியும்போது ஓய்வுபெறும்வரை அதை விடவில்லை.

அவரிடம் வேலை செய்த பில் மிட்செல் என்ற இளைஞர் 1938ல் வரைந்து கொடுத்தது கடிலாக் சிக்ஸ்டி ஸ்பெஷல். படிப்பலகை இல்லை. இடுப்புக் கோடு இல்லை. கண்ணாடிச் சட்டங்களைச் சுற்றி மெல்லிய குரோம் மட்டும். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அப்படியென்றால் கோடு இல்லாமலே அழகு வரும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் அடுத்த இருபது வருடமும் காரை மினுக்கித் தள்ளினார்கள்?

முதல் காரணம் உடலின் வடிவம். போர் முடிந்த பிறகு, 1949 வாக்கில், மட்காட் காரின் உடலோடு ஒன்றாகக் கலந்துவிட்டது. முன் விளக்கில் இருந்து பின் விளக்கு வரைக்கும் ஒரே தகரச் சுவர். உயரமாகவும் கனமாகவும் தெரியும் சுவர். அதன் நடுவே கிடையாக ஒரு பளபளப்பைப் போட்டால் கண் அதன் வழியே ஓடும், உயரம் குறையும், நீளம் கூடும்.

இரண்டாவது காரணம் காசு. ஜெனரல் மோட்டர்ஸின் தலைவர் அல்ஃபிரெட் ஸ்லோன் 1924லேயே ஒரு ஏணி கட்டி வைத்திருந்தார்: கீழே செவர்லே, மேலே கடிலாக், ஒவ்வொரு வருமானத்துக்கும் ஒரு படி. ஆனால் உள்ளே உடல் கூடுகள் பல பெயர்களுக்குப் பொதுவானவை. பொதுவான கூட்டை வைத்துக்கொண்டு, இது அதைவிட உயர்ந்தது என்று அடுத்த வீட்டுக்காரனுக்கு எப்படிக் காட்டுவது? வருடா வருடம் புதிதாகக் காட்டவும் வேண்டும். உடல் தகட்டை அழுத்தும் அச்சை மாற்றுவது மிகப் பெரிய செலவு. பீடிங்கை மாற்றுவது சின்னச் செலவு.

மூன்றாவது, இரண்டு நிறப் பெயின்ட். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் அடித்தால் இரண்டும் சந்திக்கும் எல்லை பிசிறாகத் தெரியும். அதன் மேல் ஒரு கோட்டை ஓடவிட்டால் பிசிறு மறையும்.

எண்ணிப் பார்க்கிற பளபளப்பு

1949ல் பியூக் ரோட்மாஸ்டர் ரிவியேராவில் வந்த கோட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன் மட்காட்டில் மெல்லியதாகப் புறப்பட்டு, கதவில் மெதுவாகத் தாழ்ந்து, பின் சக்கரத்துக்கு முன்னால் அடிமட்டம்வரை இறங்கி, சக்கரத்தின் மேல் ஒரு வளைவு எடுத்து ஏறும். பியூக்கை அடையாளம் காட்ட அது ஒன்றே பல வருடம் போதுமாக இருந்தது. அதே வருடம் முன் மட்காட்டில் வட்டத் துவாரங்களும் வந்தன. பியூக்கின் வடிவமைப்பாளர் நெட் நிக்கல்ஸ் போர்விமானத்தின் புகைக்குழாயை நினைத்துத் தன் சொந்தக் காரில் துளை போட்டு, உள்ளே விளக்கும் பொருத்திப் பார்த்த விளையாட்டு அது. மேலதிகாரிகளுக்குப் பிடித்துப்போய் விற்பனைக்கே வந்துவிட்டது. ரோட்மாஸ்டருக்குப் பக்கத்துக்கு நான்கு, விலை குறைந்த பியூக்குகளுக்கு மூன்று. சந்தியில் நிற்கும் சின்னப் பையன்கூட எண்ணிப் பார்த்து இவன் எவ்வளவு கொடுத்திருப்பான் என்று சொல்லிவிடலாம்.

கடிலாக் வேறு வழியில் போனது. பின் மட்காட்டின் முன் விளிம்பில் காற்று உள்ளே போவதுபோல் ஒரு குரோம் வாய். காற்றுப் போகாது, வெறும் தோற்றம். 1957 சிக்ஸ்டி ஸ்பெஷலில் பின் மட்காட்டின் கீழ்ப்பாதி முழுவதையும் வரிவரியான பளபளத் தகடு மூடிவிட்டது. 1938ல் கோடே இல்லாமல் வந்த அதே பெயர்தான். அந்த வருடமே வந்த எல்டொராடோ புரோமுக்குக் கூரையே தேய்த்துப் பதமாக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விலை 13,074 டொலர். இரண்டு வருடத்தில் மொத்தம் 704 கார்தான் செய்தார்கள்.

1958 பியூக் லிமிட்டெட்டின் பின் மட்காட்டில் சரிந்த குரோம் வெட்டுகள் ஐந்து ஐந்தாக மூன்று கூட்டம், பக்கத்துக்குப் பதினைந்து. அதே வருடத்து ஓல்ட்ஸ்மொபைலின் பின் மட்காட்டில் நான்கு இணைகோடுகள். ஃபோர்டில் இருந்த அலெக்ஸ் டிரெமுலிஸ் அந்தக் காரின் படத்தை எடுத்து, கோடுகளின் மேல் மேலைச் சங்கீதக் குறிகளை வரைந்து கேலி செய்தார் என்று ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. கேலி முன்பே தொடங்கிவிட்டது. ஸ்டூடிபேக்கர் கார்களுக்கு வடிவம் கொடுத்த ரேமண்ட் லோவி 1955ல் அட்லாண்டிக் சஞ்சிகையில் இந்த மினுக்கலைத் தாக்கி ஒரு கட்டுரையே எழுதினார். சக்கரம் பூட்டிய பாட்டுப்பெட்டி என்பதுதான் தலைப்பின் கருத்து.

ஆனால் எல்லாப் பீடிங்கையும் ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. பக்கார்ட் கம்பனியின் நிலைமையைப் பாருங்கள். 1955ல் அவர்களிடம் புது உடலுக்குக் காசில்லை. 1951ல் செய்த உடல்தான் கையில். டிக் டீக் என்ற வடிவமைப்பாளர் அதன் பக்கவாட்டில் அகலமான பட்டைகளை ஓட்டி, விளக்குகளை மாற்றி, புதுக் காராகவே காட்டிவிட்டார். அடுத்த வருடம் டெட்ரோயிட்டில் பக்கார்ட் நின்றுபோனது வேறு விஷயம். பழைய தகரத்துக்கு அந்த மனிதர் கொடுத்த கண்ணியத்தை நான் மதிக்கிறேன்.

இந்தக் காய்ச்சல் 1958ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது இறங்கத் தொடங்கியது. 1961ல் எல்வுட் எங்கெல் வடிவமைத்த லிங்கன் கொன்டினென்டல் வந்தது. பக்கவாட்டு முழுக்க வெறுமை. மட்காட்டின் மேல் விளிம்பில் மட்டும் முன்னிருந்து பின் வரைக்கும் ஒரே ஒரு பளபளக் கோடு. எங்கே கோடு போட வேண்டும் என்று தெரிந்தவருக்கு ஒன்று போதும்.

தென்னந்தோட்டத்துக்கு எப்படி வந்தது

இதெல்லாம் அங்கே. இங்கே என்ன நடந்தது?

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அமெரிக்கர் வலப்பக்கம். அதனால் பொதுநலவாய நாடுகளுக்கு வேண்டிய வலப்பக்க ஸ்டியரிங் செவர்லேக்களும் பிளைமவுத்களும் பெரும்பாலும் கனடாவின் தொழிற்சாலைகளில் இருந்து கிளம்பின. 1932ல் ஒட்டாவாவில் பிரித்தானியப் பேரரசு நாடுகள் செய்துகொண்ட வரிச் சலுகை ஏற்பாடும் கனடாவுக்கு உதவியது. இலங்கைக்கு வந்த அமெரிக்கக் கார்கள் எண்ணிக்கையில் கொஞ்சம். வந்தவை யாரிடம் போயிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம் என்று போகும் நம் கரையின் தென்பாதி தென்னை முக்கோணத்தின் ஒரு முனை. தென்னை ஆராய்ச்சி நிலையமே 1929ல் லுணுவிலையில்தான் தொடங்கப்பட்டது. கொப்பரை விலை நன்றாக இருந்த வருடங்களில் தோட்ட முதலாளிமார் படகுக் காரில் கோயிலுக்கு வந்து இறங்கிய கதைகளை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மற்றவர்களுக்கு அமெரிக்கப் பீடிங் பிரித்தானியா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. வொக்ஸோல் கம்பனி 1925இலிருந்து ஜெனரல் மோட்டர்ஸின் சொத்து. 1957ல் அவர்கள் விட்ட கிரெஸ்டா, வளைந்த முன் கண்ணாடியும் வால் சிறகும் இரண்டு நிறமுமாக, அளவு குறைத்த அமெரிக்கக் கார்தான். ஹில்மன் மிங்ஸ் செய்த ரூட்ஸ் கம்பனி லோவியின் லண்டன் அலுவலகத்திடம் ஆலோசனை வாங்கியது. மினுக்கலைத் திட்டிய அதே லோவி! ஒஸ்டின் கேம்பிரிட்ஜுக்கு இத்தாலிய பினின்ஃபரினா வடிவம் கொடுத்தார். ஆனாலும் பின்னால் சின்னச் சிறகு, பக்கவாட்டில் கோடு. 1961ல் வந்த ஏ60இல் கோடுகள் இரண்டாகி நடுவில் வேறு நிறம். பியூக்கின் சாயல் அதில் எனக்கு நன்றாகவே தெரிகிறது.

அமெரிக்காவில் குரோம் உச்சத்தில் இருந்த அதே 1957ல் நம் நாட்டில் காரின் மேல் ஒட்டும் ஒரு தகடு பெரிய சண்டைக்குக் காரணமாகியது. அந்த வருடம் தொடங்கி இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. வடக்கில் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசினார்கள். 1958ல் கலவரமும் வெடித்தது. காரின் மேல் போடுகிற சின்ன அடையாளம் எவ்வளவு உரக்கப் பேசும் என்பதை டெட்ரோயிட்காரர்கள் விற்பனையில் படித்தார்கள். நாங்கள் வேறு விதமாகப் படித்தோம்.

பிறகு 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, கார் இறக்குமதி இறுகியது. 1977ல் பொருளாதாரம் திறக்கும்வரை பெரும்பாலானோருக்குப் புதுக் கார் கனவுதான். அந்தப் பதினைந்து சொச்ச வருடமும் குரோம் காலத்துக் கார்களைத்தான் தட்டிக் கொட்டி, பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து ஓட்டினோம். உலகத்தின் பல இடங்களில் பழைய இரும்பாகிப் போன கேம்பிரிட்ஜும் மிங்ஸும் இங்கே தப்பியதன் இரகசியம் அதுதான். 2020 மார்ச்சில் இறக்குமதியை மறுபடி நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களுக்கு மறுபடி ஒரு மவுசு வந்தது. என்னை ஆட்கள் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியதும் அப்போதுதான்.

உப்பு போய் உட்காரும் இடம்

இனி நம் கரைக்கே உரிய பிரச்சினைக்கு வருவோம்.

மே மாதத்தில் சோளகம் தொடங்கினால் கற்பிட்டிக் குடாநாட்டில் காற்று ஓய்வதில்லை. வெளிநாட்டுக்காரர் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறார்கள் என்றால் அந்தக் காற்றுக்காகத்தான். அலை உடையும் இடத்தில் எழும் நுண்ணிய துளிகளைக் காற்று தூக்கி வந்து கரையில் உள்ள எல்லாவற்றின் மேலும் பூசுகிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள், கார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் ஒடுங்கிய நிலம். தப்ப இடமில்லை.

கடலுப்பு வெறும் சாப்பாட்டு உப்பு அல்ல. புத்தளம் உப்பளங்களில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். வாரிய உப்பை உடனே மூட்டை கட்டமாட்டார்கள். குவித்து மூடி மாதக்கணக்கில் விடுவார்கள். அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட் காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து வடியும், கசப்பும் கூடவே போகும். சுத்தமான உப்பு கசிய, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்ட வேண்டும். மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். நம் கரையில் ஈரப்பதன் அந்த அளவுக்கு இறங்குவதே அபூர்வம். அதாவது காரின் மேல் படிந்த கடலுப்பு இரவும் பகலும் ஈரமாகவே இருக்கிறது.

திறந்த இடத்தில் படிந்த உப்பை மழை கழுவிவிடும். பீடிங்குக்குப் பின்னால் படிந்ததை எந்த மழையும் கழுவாது.

பீடிங்கை எப்படிப் பொருத்துகிறார்கள் தெரியுமா? காது குத்தித் தோடு போடுவதுபோல்தான். பெயின்ட் அடித்த தகட்டில் இடைவெளி விட்டு வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு இரும்புக் கிளிப்பைச் செருகி, அதன் மேல் கீற்றைத் தட்டிப் பொருத்துவார்கள். துளையின் ஓரத்தில் பெயின்ட் எப்போதும் மெல்லியது. கார் ஓடும்போது கிளிப் அதிர்ந்து அதையும் சுரண்டும். அங்கே பச்சை இரும்பு வெளியே தெரியும். மேலே ஸ்டெயின்லெஸ், கீழே இரும்பு, இடையில் உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் இப்படித் தொட்டுக்கொண்டிருந்தால் கரைவது இரும்புதான். பெரிய ஸ்டெயின்லெஸ் பரப்பின் முழு வேகமும் அந்தச் சின்னச் சுரண்டலில் போய் இறங்கும். போதாததற்குக் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் கிளிப்பைப் பின்பக்கமாகவும் நனைக்கும்.

வெளியில் பார்த்தால் கோடு அப்படியே மினுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே கறள் தின்றுகொண்டிருக்கும்.

கராஜில் நடந்த பேச்சு

பாலாவிக்கும் நுரைச்சோலைக்கும் இடையில் ஒரு சின்னக் கராஜ். நாற்பது வருடத்துக்கு மேல் டிங்கர் வேலை செய்யும் நானா ஒருவர் அங்கே இருக்கிறார். கூட்டாளி ஒருவர் வாங்கிய ஏ60ஐ அங்கே விட்டிருந்தோம். பீடிங்கைக் கழற்றச் சொன்னேன்.

"என்னத்துக்குத் தம்பி அதக் கழட்டுற? நல்லாத்தானே இரிக்கிது" என்றார் கூட்டாளி.

நானா சிரித்தார். "மாப்புள நல்லாத்தான் இரிக்கிறாரு. பொண்ணுக்குத்தான் சுகமில்ல."

பெயின்டில் கீறல் விழாமல் ஒட்டுத்தாள் ஒட்டி, மரச் சீவல் ஒன்றைச் செருகி, ஒரு முனையில் இருந்து மெதுவாகக் கிளப்பினார். இழுத்தால் கீற்று மடங்கிவிடும், மடங்கினால் அந்த மடிப்பை எடுக்கப் பாதி நாள் போகும். முன் மட்காட்டுக் கீற்று வந்தது. பின்னால் மண்ணிறப் பொடி கொட்டியது. துளை இருந்த இடத்தில் என் சுண்டுவிரல் போகும் அளவுக்கு வாய். அடுத்ததும் அப்படியே. கதவில் இரண்டு துளை ஒன்றாகிவிட்டது. யாரோ அதன் மேல் பட்டி வைத்து அடைத்து, பெயின்டும் அடித்து, பழைய பீடிங்கைத் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

கூட்டாளி வாயடைத்து நின்றார். நானா கீற்றைத் துணியால் துடைத்துப் பார்த்தார். கீற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரிரு சின்னப் புள்ளிகள், ஒரு நெளிவு, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா, களவு செஞ்சவன் இவன் இல்ல" என்றார் கீற்றைத் தூக்கிக் காட்டி. "இவன மாட்ட ஓட்ட போட்டாங்க பாருங்க, அதுலதான் எல்லாம்."

இதைத்தான் நான் இந்தப் பதிவில் சொல்ல வந்தேன். பழைய கார்களின் பீடிங்கைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. வெறும் பகட்டு, கழற்றி எறிந்துவிட்டுத் துளையை அடை என்பது ஒன்று. அது இல்லாவிட்டால் காரே இல்லை என்பது மற்றது. இரண்டாவது கட்சி நான். ஏ60இன் பீடிங்கைக் கழற்றிய பிறகு தூர நின்று பாருங்கள், அது ஒரு தகரப் பெட்டி. கோடு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மேலே இவ்வளவு யோசித்து வரைந்தவர்கள், அதைப் பொருத்தும் இடத்தில் கஞ்சத்தனம் செய்தார்கள். மூன்று வருடத்தில் ஆள் புதுக் கார் வாங்கிவிடுவான் என்று எண்ணிச் செய்த வேலை அது. அறுபது வருடம் கற்பிட்டியில் ஓடும் என்று யார் நினைத்தது?

எந்த உலோகம் என்று முதலில் பாருங்கள்

கையில் கிடைக்கும் கீற்று எல்லாம் ஒரே பொருள் அல்ல. எல்லாவற்றையும் குரோம் என்று சொல்லிக்கொண்டு ஒரே பொலிஷைப் போட்டுத் தேய்த்தால் கெடும்.

நீளக் கீற்றுகள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் நிக்கல் கலந்த நல்ல ரகம், கடற்காற்றை நன்றாகத் தாங்கும். ஒட்டினால் நிக்கல் இல்லாத மலிவு ரகமாக இருக்கலாம், அல்லது வெறும் இரும்பில் முலாம் பூசியதாக இருக்கலாம். நெளிவு இருந்தால் பின்பக்கத்தில் இருந்து சின்னச் சுத்தியலால் தட்டி, மெல்லிய அரத்தாலும் பிறகு அரத்தாளாலும் தேய்த்துப் பஃப் பண்ணினால் புதிதாகிவிடும். பூச்சு எதுவும் இல்லாததால் எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே அதே உலோகம்தான்.

முனைகள், எழுத்துகள், சின்னங்கள் வார்த்துச் செய்த நாகக் கலவை. அதன் மேல் செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கு. பளபளப்பது குரோம், ஆனால் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உண்மையில் காவல் காப்பது கீழே இருக்கும் நிக்கல். அதில் ஊசித்துளை விழுந்தால் உப்பு உள்ளே போய் நாகத்தைத் தின்னும், மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பும். இதைத் திருத்துவதுதான் கஷ்டமும் செலவும். கொரியப் போர்க் காலத்துக் கார் என்றால் இன்னும் கவனம். 1951, 52 வாக்கில் நிக்கல் ஆயுதங்களுக்குப் போனதால் பல அமெரிக்கக் கார்களுக்கு நிக்கல் இல்லாமலே செம்பின் மேல் குரோம் பூசினார்கள். அதற்கு முன் 1942 ஜனவரியில், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய கையோடு, பீடிங்குக்கெல்லாம் வெறும் பெயின்ட் அடித்து விட்டார்கள். அடுத்த மாதம் கார் உற்பத்தியே நின்றுபோனது.

மூன்றாவது, அனோடைஸ் செய்த அலுமினியம். 1957 செவர்லே பெல் எயாரின் பின் மட்காட்டில் வரும் வெள்ளித் தகடு இதுதான். இதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டு. அதை எடுக்காமல் பொலிஷ் போட்டால் ஒன்றும் நடக்காது. எடுத்துவிட்டால் திரும்பப் படலம் ஏற்றாமல் நம் கரையில் வைக்கக் கூடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு

பீடிங்கின் கீழ் விளிம்பில் பெயின்ட் சம இடைவெளி விட்டுக் கொப்புளித்திருந்தால் ஒவ்வொரு கொப்புளத்துக்கும் பின்னால் ஒரு துளை இருக்கிறது என்று அர்த்தம். கல் பட்ட அடி இப்படி அளந்து வைத்ததுபோல் வராது. கதவின் அடியில் விரலை விட்டு, தண்ணீர் வடியும் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பீடிங் இல்லாமல் வழவழவென்று வந்த கேம்பிரிட்ஜைக் கண்டு மயங்க வேண்டாம். துளைகளை எதனால் அடைத்தார்கள் என்று காந்தத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள். பட்டியின் மேல் காந்தம் நிற்காது.

ஏற்கெனவே கார் வைத்திருக்கிறவர்கள் சோளகம் தொடங்க முன் ஒருமுறை எல்லாக் கீற்றையும் கழற்றுங்கள். கறளைச் சுரண்டி, பொஸ்பரிக் அமிலம் உள்ள கறள் மருந்து பூசி, துளையின் ஓரத்துக்கு நாகம் கலந்த பிரைமரை உள்ளும் வெளியும் அடியுங்கள். இரும்புக் கிளிப்பை வீசிவிட்டு நைலோன் கிளிப் போடுங்கள், ஒவ்வொன்றின் கீழும் ரப்பர் பசை வையுங்கள். கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். குடாநாட்டில் பல கிணறுகள் சவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கணக்குத்தான்.

ஓட்டையே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. கார் கம்பனிகளே பின்னாளில் அந்த வழிக்கு வந்துவிட்டன. 3எம் கம்பனி 1980ல் கொண்டுவந்த வலுவான நுரை டேப் போன்றவை பரவிய பிறகு, கதவுப் பீடிங்கைத் துளையில்லாமல் ஒட்டுவது வழக்கமாயிற்று. கூட்டாளியின் ஏ60க்கு நானா அதைத்தான் செய்தார். அழுகிய தகட்டை வெட்டிப் புதுத் துண்டு வைத்து, துளை போடாமல், பழைய கீற்றுகளையே டேப்பில் ஒட்டினார். சுத்த வாதிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அவர்கள் காரை நுவரெலியாவில் வைத்திருக்கலாம்.

இன்றைய மினுக்கல்

2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டம் தொடங்கிய கையோடு பஸ், ஓட்டோக்களில் மேலதிகமாகப் பூட்டிய அலங்காரங்களைப் பொலிஸார் கழற்ற வைத்தார்கள். சங்கங்கள் கொதித்தன. ஆட்களைக் கீறும் கம்பிகளும் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளும் போகத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சிலாபம் றோட்டில் ஓடும் தனியார் பஸ்ஸின் பக்கவாட்டில் ஸ்டெயின்லெஸ் பட்டையை வளைத்து ஓட்டுகிற கைவினைஞனும், ஹார்லி ஏர்லின் அறையில் களிமண் மாதிரியில் கோடு பார்த்தவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஒரே மாதிரியான பெட்டிகளில் தன்னுடைய பெட்டியைத் தனியாகக் காட்டும் வேலை. அதை வெறும் பகட்டு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காரின் உடல் கறளாகிப் போன பிறகும் பீடிங் பல வீடுகளில் தப்பிக் கிடக்கிறது. கராஜ் பரணில், தோட்டத்துக் கொப்பரைக் கொட்டிலில், கோழிக்கூட்டுச் சட்டமாகக்கூடக் கண்டிருக்கிறேன். கிரெஸ்டா, மிங்ஸ், கேம்பிரிட்ஜ், எதனுடையதாக இருந்தாலும் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துப் போடாதீர்கள். எஞ்சின் பாகம் தேடினால் எங்கேயாவது கிடைக்கும். முழுதாக ஒரு பக்கத்துப் பீடிங் கிடைப்பது அதைவிடக் கடினம், அதற்காக மாதக்கணக்கில் அலைகிற ஆட்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். மடங்காமல் ஒரு நேரான பலகையில் கட்டி, எந்தக் காரின் எந்தக் கதவு என்று எழுதி வையுங்கள். வாங்க ஆள் வரும்.